சாட்சி உருண்டை

“வாயில என்ன, மண்ணா வச்சிருக்கே?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் அவளை எழுப்பி நிறுத்திக் கேட்டது. விடை அவளுக்குத் தெரியும். பலகையில் எழுதச் சொல்லியிருந்தால் எழுதிவிட்டு வந்திருப்பாள். வாயால் சொல்லச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. இடைவேளை மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு அவள் ‘ஊமைக்கோட்டான்’. கொஞ்சுவதற்கும் அதுதான், திட்டுவதற்கும் அதுதான்.

ஏழு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கேள்வி ஞாபகம் வரக் காரணம், மேசைமேல் கிடந்த ஒரு கட்டி. சட்டைப் பொத்தான் அளவு. பச்சை நிறம். முந்தின நாள் ஒரு பொம்மையின் வாயை அடைக்க அவளே வைத்த மண். இப்போது வாய் திறந்திருந்தது. மண் வெளியே கிடந்தது.

மண் என்றால் தோண்டி எடுக்கிற மண் இல்லை. எபாக்சி களிமண். மஞ்சளாக ஒரு கட்டி, நீலமாக ஒரு கட்டி. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. வருடக்கணக்கில் மெத்தென்று கிடக்கும். சரிபாதியாகக் கிள்ளி எடுத்து, மஞ்சள் கோடும் நீலக் கோடும் தெரியாமல் பச்சையாகும்வரை பிசைந்துவிட்டால் பிறகு அதை யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு மணி நேரம் சொன்னபடி கேட்கும். அதற்குமேல் கல். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொம்மைகளை அறுத்து, தேய்த்து, இந்த மண்ணால் புது முகமும் முடியும் உடுப்பும் வைத்துக் கொடுப்பது அவள் தொழில். ‘இந்த ரோபோவுக்கு ஒரு தொப்பை வச்சுக் குடுங்க, எங்க மேனேஜர் மாதிரி இருக்கணும்’ என்று போனில் செய்தி அனுப்புவார்கள். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு முறையும் பிசைந்த மண்ணில் மிச்சத்தை ஒரு சின்ன உருண்டையாக்கி, கையுறையைக் கழற்றி, இடது கட்டைவிரலால் அழுத்தி மேசை ஓரத்தில் வைப்பாள். பொம்மையைத் தொட்டுப் பார்க்காமலே மண் இறுகிவிட்டதா என்று அறிய அது போதும். அதற்கு ‘சாட்சி’ என்று பெயர் வைத்திருந்தாள். எப்போதோ பிளேடு கிழித்த தழும்பு அந்தக் கட்டைவிரலின் குறுக்கே ஓடியது. ஒவ்வொரு சாட்சியிலும் ரேகையோடு அந்தச் சாய்ந்த கோடும் விழும்.

திங்கட்கிழமைச் சாட்சியை நகத்தால் தட்டினாள். டக். கல்லாகத்தான் இருந்தது. கலவையில் தப்பில்லை. பிறகு ஏன் விழுந்தது?

பொம்மையைக் கொடுத்தவர் கீழ்வீட்டுக்காரர். மாடியில் அக்காவும் அவளும் குடியிருக்கும் இந்த வீட்டுக்கும் அவர்தான் ஓனர். பல் செட் செய்கிறவர். கீழே அவருடைய மோட்டார் நாள் முழுக்க எதையாவது ராவிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மாடியில் தண்ணீர் டம்ளர்கூட மெல்ல நடுங்கும். பல் இடுக்கைச் சுரண்டும் பழைய கம்பிகளை அவளுக்குக் கொடுத்தவரும் அவர்தான். மண்ணில் கண்ணிமை வரைய அதைவிட நல்ல கருவி கிடையாது.

திங்கட்கிழமை அவர் வந்தபோது ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு பெண் பொம்மையையும் ஒரு போட்டோவையும் மேசைமேல் வைத்தார். போட்டோவில் அவர் மனைவி, எதையோ பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. பொம்மையும் வாய் திறந்து சிரித்தது.

“முகம் இவ மாதிரி இருக்கணும். வாய மட்டும் மூடிடு.”

“அவங்க... ஊருக்கா?”

“நீகூட கேள்வி கேப்பியா?” என்று சிரித்தார். “சொன்னத செய்மா. தொறந்த வாய மூடாதவ. பொம்மையாவது மூடியிருக்கட்டும்.”

அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து போகிற வருகிறவரிடமெல்லாம் பேசுவாள். ஊமைக்கோட்டானிடம்கூட. பதிலே வராவிட்டாலும் சலிக்காமல் பேசுவாள். ஒரு மாதமாக அந்தக் குரல் இல்லை. மோட்டார் மட்டும்தான்.

விழுந்த கட்டியை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். மேல்பக்கம் அவள் வழித்துவிட்ட வழவழப்பு. உள்பக்கம் பொம்மையின் வாய்க்குழி அச்சாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தக் குழி வெறும் பள்ளம். உள்ளே பல் எதுவும் கிடையாது. ஆனால் கட்டியின் உள்பக்கத்தில் ஒரு வரிசைக் கோடுகள். சின்னச் சின்னதாக, சீராக, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று மட்டும் கோணலாக.

பல் தடம்.

செவ்வாய் முழுக்க அவள் அதை நம்ப மறுத்தாள். கம்பி பட்டிருக்கும், கண் கோளாறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பொம்மையின் வாய்க்குழியைக் கீறிச் சொரசொரப்பாக்கி, நடுவில் ஒரு துண்டுக் கம்பியை நட்டு, அதன்மேல் மண்ணைத் திணித்தாள். ஈர விரலால் உதடுகளைச் சேர்த்து வழிக்கும்போது அந்த மண்ணின் வாடை, அழுகின மீனும் மருந்தும் கலந்தது போன்ற அந்த வாடை, மூக்கில் ஏறாமல் நேரே நாக்கின் அடியில் ஊறியது. துப்பினாள். எச்சில் மட்டும்தான். வாடை போகவில்லை.

புதன் காலை எழுந்து, “அக்கா” என்று கூப்பிட வாயெடுத்தாள்.

“க்கா” என்றுதான் வந்தது.

மேசைமேல் கட்டி கிடந்தது. கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. நேற்று அவள் வைத்தது நகக்கண் அளவு மண். இது கைக்குழியை நிறைத்தது. ஒரு மனுஷ வாயின் அளவு. மேலண்ணத்தின் வளைவு, அதன் மெல்லிய வரிகள், சுற்றிலும் பல் பதிந்த குழிகள், மேல்வரிசையில் இடதுபக்கம் அந்தக் கோணல் பல்லின் குழி. எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

அக்கா கதவோரம் வந்து நின்றாள். கட்டியைப் பார்த்தவள் மேசையைவிட்டு ஓரடி தள்ளியே நின்றுகொண்டாள்.

“என்ன கருமம்டீ இது?”

அவள் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். பொம்மையைக் காட்டினாள்.

“எனக்கு ஒண்ணும் புரியல. புரியவும் வேணாம். அவர் கேட்டத செஞ்சு குடுத்துடு. மனசு கோணி, வீட்டக் காலி பண்ணுன்னு சொல்லிட்டார்னா எங்கடீ போவோம்? நம்ம ரெண்டு பேரையும் எவன் வச்சுப்பான்?”

பதினோரு மணிக்கு ஓனர் வந்தார். பொம்மையின் திறந்த வாயைப் பார்த்து முகம் சுளித்தார். அவள் கட்டியை நீட்டினாள்.

வாங்கினார். முப்பது வருடம் வாய் அச்சுகளைப் பிடித்த கை. பார்க்காமலே சரியான பக்கம் திருப்பிக்கொண்டது. கட்டைவிரல் பல் குழிகளின்மேல் வரிசையாக ஓடிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. கோணல் பல்லின் குழியில் நின்றது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இத... எங்கேர்ந்து எடுத்தே?”

அவள் பொம்மையைக் காட்டினாள்.

“பொய்.” கட்டியைக் கீழே போட்டார். உடையவில்லை. டக்கென்று ஒரு சத்தம், பல்லோடு பல் மோதினது மாதிரி. “சாயங்காலத்துக்குள்ள அந்த வாய் மூடியிருக்கணும். இல்லாட்டி அக்காளும் தங்கச்சியும் சாமானத் தூக்கித் தெருவுல வைங்க. நான் சொல்லிட்டேன்.”

அவர் இறங்கிப் போனதும் அக்கா சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. “மூடித் தொலையேன்டீ,” என்றாள். “ஒரு வாய்தானே.”

மூன்றாவது முறை மண் கிள்ளியபோது மணி இரண்டரை. வழக்கம்போல நோட்டில் நேரத்தைக் குறித்தாள். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கீழே மோட்டார் ராவிக்கொண்டிருந்தது. மஞ்சளும் நீலமும் விரலுக்கிடையில் பச்சையாகி வந்தன. பொம்மையின் தலையை இடது கையில் பிடித்து, முதல் துண்டை உள்ளே வைத்தாள்.

அவள் நாக்கு கனத்தது.

இன்னொரு துண்டு. கன்னத்தின் உட்புறம் எதுவோ நிரம்பி வந்தது, மெத்தென்று, வெதுவெதுப்பாக. கண்ணாடியைத் தேடவில்லை. தேடப் பயம். கம்பியால் மண்ணை உள்ளே அழுத்தினாள். அவள் மேலண்ணம் அழுந்தியது. உதடுகளைச் சேர்த்தாள். அவள் உதடுகள் சேர்ந்தன.

திறக்கவில்லை.

மூக்கால் மூச்சு. மீன் வாடை. கீழே மோட்டார். பொம்மையின் கண் அவளைப் பார்த்தது. அவளே செய்த கண். இன்னும் ஒரே ஒரு வழிப்பு. ஈர விரலால் ஒரு முறை வழித்தால் போதும், முடிந்தது. வீடு இருக்கும். அக்கா தூங்குவாள். அவளும் எப்போதும் போல இருப்பாள். ஊமைக்கோட்டான்.

விரல் பொம்மையின் உதட்டில் நின்றது.

மாட்டேன்.

வாய்க்குள் வந்த சொல் வெளியே வரவில்லை. கை கேட்டது. பல் சுரண்டும் கம்பியை எடுத்து, வைத்த மண்ணையெல்லாம் தோண்டி எறிந்தாள். அதோடு விடவில்லை. குழியை இன்னும் ஆழமாக்கினாள், அகலமாக்கினாள், தாடையை இறக்கினாள். அவள் உதடு பிரிந்தது. காற்று உள்ளே பாய்ந்தது. இருமி இருமி எச்சிலைத் துப்பினாள். பிசைந்த மண் இருக்கிறதே, வீணாக்குவானேன்? நாக்கு வைத்தாள். பல் வைத்தாள், ஒவ்வொன்றாக. இடதுபக்கத்தில் ஒன்றைக் கோணலாக வைத்தாள். போட்டோவில் பாதியில் நின்ற பேச்சைத் தொடரப்போகிறவள் போல அந்த முகம் வாயை அகலத் திறந்துகொண்டு நின்றது.

மிச்ச மண்ணை உருட்டி, கட்டைவிரலால் அழுத்தி, மேசை ஓரத்தில் வைத்தாள். சாட்சி.

மாடிக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது சாட்சியைக் காணோம்.

மேசைக்கடியில் பார்த்தாள். கால் மிதித்து ஒட்டியிருக்குமோ என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

அப்போதுதான் உறைத்தது. வீடு அமைதியாக இருந்தது. டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

மோட்டார் நின்றுவிட்டது.

“அக்கா,” என்றாள். முழுச் சொல்லாக வந்தது.

நாலேகாலுக்குப் படியில் காலடி கேட்டது. ஒரு படி. நிற்கும். இன்னொரு படி. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஓனர் நின்றார், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி. நெற்றியெல்லாம் வேர்வை.

“வாங்க சார், அவ செஞ்சிட்டா சார், இப்பவே...” அக்கா திரும்பினாள். பொம்மையைப் பார்த்தாள். “அடிப்பாவி!”

“மூடல,” என்றாள் அவள். இவ்வளவு சத்தமாகத் தன் குரலை அவளே கேட்டதில்லை. “மூடவும் மாட்டேன். தெருவுல வைக்கணும்னா வைங்க.”

அவர் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்தார்.

மூக்குக்குக் கீழே உதடு இல்லை. மீசைக்கடியிலிருந்து தாடைவரை பச்சையாக, வழவழப்பாக, ஈரம் மினுக்க ஒரே சமமாக வழித்துவிட்டிருந்தது. நல்ல வேலை. ஓரம்கூடத் தெரியவில்லை. நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, குறுக்கே சாய்ந்த ஒரு கோட்டோடு. அதற்குப் பின்னால், உள்ளிருந்து, எதுவோ தட்டிக்கொண்டிருந்தது.

டக். டக்.

அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். மேசையிலிருந்த கம்பிகளைக் காட்டினார். தன் வாயிருந்த இடத்தைக் காட்டினார்.

அவள் நோட்டைப் பார்த்தாள். இரண்டரை என்று எழுதியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினைந்து நிமிடம் மண் சொன்னபடி கேட்கும். கம்பியை நனைத்து ஓரத்திலிருந்து நெம்பினால் ஒரே உரியாக வந்துவிடும்.

“அவங்க எங்க?” என்று கேட்டாள்.

அவர் கண் ஒரே ஒரு கணம் கீழே, தரைக்கடியில் இருந்த தன் வீட்டை நோக்கிப் போயிற்று. சட்டென்று மீண்டது. பிறகு இல்லை இல்லையென்று தலையை ஆட்டினார்.

அவள் கம்பிகளைத் துணியில் சுற்றினாள். டப்பாவில் போட்டாள். மூடினாள்.

“என்ன சார்,” என்றாள், “வாயில மண்ணா வச்சிருக்கீங்க?”

மேசைமேல் பொம்மை வாயைத் திறந்துகொண்டு நின்றது. கடிகார முள் நகர்ந்தது. உள்ளிருந்து வந்த தட்டல் மெல்ல மெல்லக் கெட்டியான எதன்மீதோ தட்டுகிற சத்தமாக மாறிக்கொண்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். திரும்பினார். ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.