வெறுந்தட்டு

காலை பத்து மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் கால் வைத்தபோது, குளிர்பெட்டிகள் ஏழு யானைகள் சேர்ந்து குறட்டை விடுவதுபோல் உறுமிக்கொண்டிருந்தன. எங்கும் ஸ்பிரிட் வாடை. அதற்கடியில், யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்ட கையுறையின் ரப்பர் வாடை.

அங்கே யாரும் இல்லை.

அவளுக்குப் பின்னாலேயே இறங்கி வந்தார், இந்த வேலையை வாங்கிக் கொடுத்த அக்கா வீட்டுக்காரர். கூடத்துக்கே அவர்தான் தலைவர்.

"இதுதான் உன் இடம், கண்ணு," என்று கண்ணாடி போட்ட பாதுகாப்புப் பெட்டியைத் தட்டினார் அத்தான். "உள்ள கைய விட்டு வேலை செய். கிருமி வெளிய வராது. மேல காத்து வடிகட்டி இருக்கு, போன மாசம்தான் மாத்தினோம்."

"முன்னாடி இருந்தவங்க?"

"கையுறை கிழிஞ்சதைப் பாக்கல. போய்ச் சேந்துட்டா. கவனக்குறைவு."

குரங்கின் சிறுநீரக செல்களைத் தட்டில் பாயாகப் படரவிட்டு, அதில் வைரஸை விடுவது அவள் வேலை. அத்தான் உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தார்.

"எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்தான், ஆனா ஆளுக்கொரு தினுசு. ஒருத்தன் உள்ள போனதும் உத்தரவை நீட்டுவான், செல்லும் அப்படியே படிச்சு அவனைப் பெருக்கிவிடும். இன்னொருத்தன் உத்தரவு தலைகீழா இருக்கும். படியெடுக்கத் தன் ஆளையே கூட்டிட்டு வருவான். மூணாமவன் பரம கேடி. வீட்டுப் பத்திரத்துலயே, அதான் செல்லோட டி.என்.ஏ.வுலயே, தன் பேரை எழுதிடுவான். கிளப்பவே முடியாது."

"செல் ஏன் கதவைத் திறக்குது, அத்தான்?"

"தெரிஞ்ச சாவி போட்டா யாரு சந்தேகப்படுவா?"

சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினாள். உயிருள்ள செல்கள் ஊதாவாகும். வைரஸ் தின்ற இடம் வட்டமாக வெளுக்கும். வைரஸே விடாத வெறுந்தட்டு மட்டும் முழு ஊதாவாக நிற்க வேண்டும்.

அதில் ஐந்து வட்டங்கள்.

விரல்நுனிகள் போல.

"உன் கவனக்குறைவு," என்றார் அத்தான். அந்தச் சொல் சுருக்கென்றது.

அடுத்த வாரமும் அதே ஐந்து. மூன்றாம் வாரம், காயவைத்த தட்டைப் பார்க்குமுன் பெட்டியின் உச்சியில் சத்தம்.

டொக். டொக்.

உள்ளிருந்து, நகத்தால்.

முக்காலியில் ஏறி மேல்மூடியைக் கழற்றினாள். மூடிக்கு வெளியே போன மாதத் தேதியும் அத்தான் கையெழுத்தும். உள்ளே ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி அச்சிட்ட வடிகட்டி. கரிச்சட்டி நிறம், ஒரு குடும்பமே குடிபோகும் அளவுக்குக் கிழிசல்.

வாசலில் அத்தான் நின்றார்.

"முன்னாடி இருந்தவங்க கையுறை கிழியவே இல்ல, அப்படித்தானே?" என்றாள்.

"மெதுவாப் பேசு," என்று கிசுகிசுத்தார். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

"நானும் மூணு வாரமா இதுக்குள்ளதான் கைய விட்டேன், அத்தான்!"

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். அவளிடமிருந்து இரண்டடி பின்னால் போனார்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ரப்பர் வாடை கழுத்தருகில் வந்து நின்றது.

மேசையில் காய்ந்துகொண்டிருந்த வெறுந்தட்டை எடுத்தாள்.

பத்து வட்டங்கள்.

ஐந்து, பழையவை. பக்கத்தில் புதிதாக ஐந்து.

கையுறையைக் கழற்றி, புதிய ஐந்தின்மேல் தன் விரல்நுனிகளை வைத்துப் பார்த்தாள்.

அச்சாகப் பொருந்தின.