பாதியாகப் பிரிந்த நான்கு

1938 ஆனி மாதத்தில் ஒரு காலை. நல்லம்பள்ளியில், ஓய்வுபெற்ற சர்வேயர் சென்றாயன் வீட்டுக்குக் கண்ணம்மாள் டீச்சர் மூச்சுவாங்க வந்தாள்.

"சேலம் காலேஜ் வேலைக்கு நான் போட்ட கணக்கை, கூட வேலை பாக்குற மாயவன் சாரும் குடுத்திருக்காருங்க. நான்தான் காப்பியடிச்சேன்னு சொல்றாரு. ஹெட்மாஸ்டர் இன்னிக்கு முடிவு சொல்றாருங்க."

சென்றாயனும் அவர் மனைவி சாலம்மாளும் உடனே அவளோடு தர்மபுரிப் பள்ளிக்குப் புறப்பட்டார்கள்.

தலைமையாசிரியர் கிருஷ்ணப்பன் இரு தாள்களையும் மேசையில் விரித்தார். நடுவில் உயர்ந்து, எல்லாத் திசையிலும் சரிந்து மறையும் குன்றின் கன அளவைக் காணும் தொகையீடு அது. e-யின் அடுக்கில், மொத்தத்துக்கும் கழித்தல் குறியோடு 5x² + 4xy + 2y². அதன் எண்கள் நான்கு கட்டங்களில் இருந்தன: மேலே 5, 2, கீழே 2, 2. அணிக்கோவை, அதாவது குறுக்கே பெருக்கிக் கழித்தது, 10 − 4 = 6. விடை π/√6. இரண்டு தாளிலும் எழுத்துப் பிசகாமல் அதுவே.

"ஏங்க, மாயவன் சார் தாள்ல மை நல்லா கறுத்திருக்குது. எழுதி நாளானாத்தான் மை கறுக்கும், அவருதான் முன்னால எழுதியிருக்கணும்" என்றாள் சாலம்மாள் ஆவலாக.

"சூடு காட்டினாலும் மை கறுக்கும், சாலம்மா. கணக்கையே கேப்போம்."

சென்றாயன் 2y² என்பதை மட்டும் 7y² என்று மாற்றி, இருவரையும் தனித்தனி அறையில் போடச் சொன்னார். சற்று நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். கண்ணம்மாளின் விடை π/√31. மாயவனின் விடை π/√14.

"சார், உங்க கட்டத்துல மூணு ஏழு இருக்குதுங்களே?" என்று மாயவனிடம் கேட்டார் சென்றாயன்.

"ரெண்டு ஏழாச்சு. எல்லா ரெண்டையும் மாத்தினேன்."

"அங்கதான் சிக்கினீங்க. மேல வலது மூலையிலயும் கீழ இடது மூலையிலயும் இருந்த ரெண்டு, y²-ஓட ரெண்டு இல்லீங்க. 4xy-யில இருக்கிற நாலை அந்த ரெண்டு மூலைக்கும் பாதி பாதியாப் பிரிச்சது. அது மாறக்கூடாது. 35-ல 4 போனா 31. உங்க கணக்குல 35-ல 49 போகுது. வர்றது கழித்தல் 14. அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா குன்றுக்குக் கன அளவே வராது. அது தெரிஞ்சுதான் குறியை விட்டுட்டீங்க. போட்டவங்களுக்கு அந்த ரெண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும்."

மாயவன் தலைகுனிந்தார். "டீச்சரோட நோட்டு மேசை மேல கெடந்துச்சுங்க. எனக்கும் அந்த வேலை வேணும்னு ஆசை. தப்புதான்."

கிருஷ்ணப்பன் அவர் விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கண்ணம்மாளுக்கான சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

வாசல்வரை போன மாயவன் திரும்பினார். "x, y, z-னு மூணு மாறி வந்தா எப்படிப் பிரிக்கறதுங்க, டீச்சர்?"

கண்ணம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, பலகையில் ஒன்பது கட்டம் போட்டாள்.