கோட்டில் நின்ற யானை

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியான வேளையில் அந்தப் பழைய சதுரங்க மன்றத்தின் வாசலில் வேன் வந்து நின்றது. மறுநாள் காலையில் அங்கே போட்டி. மேசைகளை ஏற்றிக்கொண்டு வேனை ஓட்டி வந்தவர் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தபடியே வந்தவள் மனைவி. பின்னால் பலகைப் பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு தூங்கி வந்தவன் அவளுடைய தம்பி.

மனைவிதான் போட்டிக்கு நடுவர். ஆட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கறார். முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது சதுரங்க விதி. காய் கோணலாக இருந்தது, நேராக வைக்கத்தான் தொட்டேன் என்றால், தொடுவதற்கு முன்பே "சரிசெய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தொட்டுவிட்டு அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். அவள் மசிந்ததில்லை. சொந்தத் தம்பியையே அப்படி ஓர் ஆட்டத்தில் தோற்கவிட்டவள். அவன் சில நாள் அவளோடு பேசவில்லை. பசித்ததும் பேசிவிட்டான்.

அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவளும் அவள்தான், காய் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஜெயிச்சுட்டு வா, அப்புறம் சோறு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அவனும் ஜெயித்துக்கொண்டே வளர்ந்தான். இப்போது முப்பதை நெருங்குகிறான். பெரிய ஆட்டக்காரன் என்று பெயர். ஆனாலும் அக்கா நடுவராக இருக்கும் இடத்தில் அவன் ஆடுவதில்லை. மேசை தூக்கத்தான் வருவான்.

காவலாளிப் பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஊறிப்போன மரத்தின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்ததுபோல. மாடிக் கூடத்தைக் காட்டினார், விளக்கு சுவிட்சுகளைக் காட்டினார். கடைசியில் கூடத்தின் மூலையில் இருந்த கண்ணாடிக் கதவைக் காட்டி, அந்த அறைக்கு மட்டும் போக வேண்டாம் என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன கதை இதுதான். ஒரு காலத்தில் மைத்துனர்கள் இரண்டு பேர் இங்கே ஆடினார்களாம். அதில் ஒருவருக்குப் பட்டப்பெயரே தோற்காதவர். நன்றாக ஆடுவார் என்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல. அவரை ஜெயிக்கப் பார்க்கிறவனுக்கு ஏதாவது ஒன்று நடந்துவிடும். ஒருவனுக்குக் கதவிடுக்கில் விரல் நசுங்கும். இன்னொருவன் மடியில் கொதிக்கிற தேநீர் கொட்டும். கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் மைத்துனர் ஜெயிக்கிற நிலை. யானையைத் தொட்டு நகர்த்திக்கொண்டிருக்கும்போதே, தோற்காதவர் மேசையில் இருந்த மரக் கடிகாரத்தைத் தூக்கி அவர் மண்டையில் அடித்தார். முகம் என்று ஒன்று இல்லாமல் போகும் வரை அடித்தார். பிறகு கடிகாரத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, எதிராளியின் நகர்த்தலுக்காகக் காத்திருந்தாராம். போலீஸ் வந்து இழுத்துப்போனது. அன்றைக்கே அவரும் செத்தார். பலகையை எடுக்கப் போனவர்கள் கை உடைந்து வந்தார்கள். அதன் பிறகு யாரும் போகவில்லை.

"ஆடாதவங்கள அது ஒண்ணும் செய்யாதும்மா," என்றார் பெரியவர். "ஆடாம இருந்தாப் போதும்."

அவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். பேய்க்குப் பயப்படுகிற ஆளா அவள்! தோற்ற ஆட்டக்காரர்களையே சமாளித்தவள்.

மேசைகளைப் போட்டு முடித்தபோது ஒன்று குறைந்தது. வேனில் இடமில்லை என்று கணவர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அவரையும் தம்பியையும் நாற்காலி எடுத்துவரக் கீழே அனுப்பினாள். மூலை அறையில் ஒரு மேசை இருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. பலகையைத் தூக்கித் தரையில் வைத்தால் மேசை நமக்கு. கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது.

ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே குளிர்ந்தது. தரையிலும் நாற்காலிகளிலும் தூசி மெத்தையாகக் கிடந்தது. காய்களில் மட்டும் தூசியே இல்லை. பலகையின் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அது சாயம் அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் இரண்டு முகம் கொண்ட மரக் கடிகாரம். அதன் ஒரு மூலை சிதைந்து, பிளவில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அவள் அந்தக் காயைப் பார்த்தாள். அவள் பக்கத்து யானை, கட்டத்துக்குள் இல்லாமல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோட்டின்மேல் நின்றது.

ஒரு நடுவரின் கண்ணில் இதைவிடப் பெரிய தூசி விழ முடியாது. கோட்டில் நிற்கிற காய் எந்தக் கட்டத்துக்குச் சொந்தம்? வாழ்நாளெல்லாம் அதைச் சகிக்காத கை, அவளைக் கேட்காமலே நீண்டது. யானையை ஒரு விரலால் தள்ளி ஒரு கட்டத்துக்குள் நிறுத்தினாள். எந்தக் கட்டம்? அவளுக்குள் இருந்த ஆட்டக்காரி அதையும் கண நேரத்தில் பார்த்திருந்தாள். தன் பக்கத்து ராணிக்கு நேர் பின்னால் இருந்த கட்டம். அங்கே நின்றால் எதிராளியின் கதை முடிந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். "சரிசெய்கிறேன்" என்று அவள் சொல்லவில்லை. செத்தவர் பாதியில் விட்ட நகர்த்தலை அவள் முடித்து வைத்துவிட்டாள்.

கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

எதிர்ப்பக்கத்து முகத்தின் முள்தான் நகர்ந்தது. அங்கே யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். எதிர் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. மெத்தை உள்ளே அமுங்கியது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

கீழே மாடிப்படியில் எதுவோ விழுந்தது. பூசணிக்காயைப் போட்டு உடைத்ததுபோல ஒரு சத்தம். பிறகு மறுபடி அதே சத்தம். மறுபடி.

கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். காவலாளிப் பெரியவர் படியில் தலைகீழாகக் கிடந்தார். யாரோ அவர் காதுகளைப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் படி விளிம்பில் மோதுவதுபோல, அவர் தலை தானாக எழுந்து தானாக இறங்கியது. இருமுறை முனகினார். பிறகு முனகல் இல்லை, மோதல் மட்டும் நின்றபாடில்லை. படி வழியே ரத்தம் சொட்டிச் சொட்டி இறங்கியது.

மோதல் ஒருவழியாக நின்ற பிறகே சத்தம் கேட்டு ஓடிவந்து சேர்ந்த கணவர், கீழ்ப்படியில் நின்று "ஐயோ" என்று அலறினார். தம்பியை அழைத்தார். பெரியவர் தவறி விழுந்துவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அவளுக்குப் பின்னால், மூலை அறையில், கடிகாரத்தின் பொத்தான் அழுத்தப்படும் சத்தம் கேட்டது.

திரும்பிப் போகாமல் இருக்க முடியவில்லை. பலகையில் அவள் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைக் காணோம். அது மேசை விளிம்பில் கிடந்தது, தலை முறிந்து. அது நின்ற இடத்தில் எதிராளியின் ராணி. இப்போது அவள் பக்கத்து முள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடாதவங்கள ஒண்ணும் செய்யாது என்றார் பெரியவர். பாவம், அவருக்கு முழு விஷயம் தெரியவில்லை. அது தோற்கிற நிலைக்கு வந்தால் ஆடாதவனையும் அடிக்கும். நல்ல நகர்த்தல் ஒன்றுக்கு ஒரு மண்டை.

ஜெயிக்கிற வழி அவள் கண் முன்னால் பட்டவர்த்தனமாகக் கிடந்தது. எதிராளியின் ராஜா கடைசி வரிசையில், தன் சிப்பாய்கள் மூன்றின் பின்னால் மூச்சுமுட்ட ஒளிந்திருந்தது. இவள் ராணியை நேராக அந்த வரிசைக்குக் கொண்டுபோய் பலி கொடுக்க வேண்டும். அவன் யானை அதை வெட்டும். பின்னால் நிற்கும் இவள் யானை ஓடிப்போய் அந்த யானையை வெட்டும். செக்மேட். இரண்டே நகர்த்தல்.

முடியுமா? கீழே இருப்பது இரண்டு பேர். ஒருவர் தாலி கட்டியவர். இன்னொருவன், அவள் பெறாமல் பெற்ற பிள்ளை.

"அக்கா, எங்க இருக்க?"

தம்பியின் குரல், படியேறி வந்துகொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அது வாசல் பக்கம் திரும்பியது. நாற்காலியின் கால்கள் தூசியில் கோடு கிழித்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

கறார் என்று பெயர் வாங்கியவள் வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே போய் ஒரு ராஜாவைக் கவிழ்த்தாள். தன் ராஜாவைப் படுக்க வைத்து, கடிகாரத்தை நிறுத்தி, "நான் தோத்துட்டேன்," என்றாள் மெதுவாக. பிறகு தோற்றவர் செய்ய வேண்டிய முறைப்படி வலது கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினாள்.

பற்றிக்கொண்டது.

கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்ற கை. குலுக்கியது, மரியாதையாகத்தான் குலுக்கியது. பிறகு இறுக்கியது. சுண்டுவிரல் முறிந்தது, அடுத்த விரல் முறிந்தது, உள்ளங்கை எலும்புகள் சுள்ளிபோலப் பொடிந்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கத்தினால் தம்பி உள்ளே ஓடிவருவான். எடுத்துக்கொள், என் கையை எடுத்துக்கொள், அவனை விட்டுவிடு என்று மனசுக்குள் மன்றாடினாள்.

பிடி விட்டது. எதிர் நாற்காலியின் மெத்தை மெல்ல மேலெழும்பியது. அறையில் இருந்த குளிர்கூடக் குறைந்ததுபோல இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, நொறுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வலியால் அல்ல. தம்பி பிழைத்தான் என்ற நிம்மதியில் அழுதாள்.

தம்பி உள்ளே வந்தான். பெரியவர் போய்விட்டார், மாமா போலீஸுக்கு போன் பண்ணுகிறார் என்று மூச்சிரைக்கச் சொன்னான். அவள் கையைப் பார்த்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான். எழுந்திரு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். அவளைத் தூக்கி நிறுத்தும்போது அவன் பார்வை மேசைமேல் விழுந்தது.

ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எழுந்து போக மாட்டார்கள். எங்கே தப்பு நடந்தது, எப்படி ஆடியிருக்கலாம் என்று அதே காய்களை வைத்து அலசுவார்கள். வீடு தீப்பற்றி எரிந்தாலும் அந்த ஒரு நகர்த்தலைக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போவார்கள். அதையும் அவனுக்குப் பழக்கியவள் அவள்தான்.

"யாரு தோத்தது இதுல?" ஒரு கையால் அவளைத் தாங்கியபடியே, மறு கையால் படுத்திருந்த ராஜாவை நிமிர்த்தினான். "ஜெயிக்கிற ஆட்டம்க்கா இது. ராணியை இப்படிக் கொடுத்தா..."

"தொடாதடா!"

ராணி கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

எதிர்ப்பக்கத்து யானை தானாக நகர்ந்து வந்து ராணியை அடித்துத் தள்ளியது. தம்பி அதைப் பார்த்தான். கண் அகன்றது. அப்படியும் அந்தக் கை, ஜெயித்தே பழகிய கை, கடைசி நகர்த்தலுக்காகத் தன் யானையைத் தொட்டது.

கடிகாரம் மேசையிலிருந்து எழுந்தது.

முதல் அடி நெற்றியில். அவன் மேசைமேல் சாய்ந்தான். அவள் இடையில் பாய்ந்து அவன் தலையைத் தன் மார்போடு அணைத்தாள். அவள் தோளை எதுவோ பிடித்து, துணிமூட்டையை எறிவதுபோலச் சுவரில் எறிந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் கடிகாரத்தின் கண்ணாடி உடைந்து அவன் கன்னத்தில் இறங்கியது. அவள் இடது கையை ஊன்றித் தவழ்ந்து வந்து, மேசைக் காலைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்தாள். காய்கள் சிதறி ஓடின.

அறை அமைதியானது.

தம்பி சாகவில்லை. அப்படித்தான் டாக்டரும் சொன்னார், சாகவில்லை என்று மட்டும். நினைவு திரும்பவில்லை. யார் அடித்தது என்று போலீஸ் கேட்டது. மேசையைக் கவிழ்த்துவிட்டேன், ஆட்டம் கலைந்துவிட்டது என்று மட்டும் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். மருந்து வாங்கக் கீழே போனார்.

மறுநாள் சாயங்கால வெயில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்திருந்தது. தம்பியின் தலை முழுக்கக் கட்டு, ஒரு கண்ணும் உதடும் மட்டும் வெளியே, அந்தக் கண்ணும் மூடி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வலது கை அசைந்தது.

டேய் கண்ணா, முழிச்சுட்டியா என்று குனிந்தாள். முகத்தில் அசைவில்லை. கைதான். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எதையோ பிடித்திருப்பதுபோல ஒன்று சேர்ந்தன. வெள்ளை விரிப்பின்மேல், அவன் இடுப்பருகிலிருந்து நேராக முன்னே நகர ஆரம்பித்தன. கோணாமல், ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டம் என்று.

நல்ல ஆட்டக்காரனுக்குப் பலகை எதற்கு? அவன் தலைக்குள் ஆட்டம் கலையவே இல்லை. யானை கடைசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அவளுடைய வலது கை கட்டுக்குள் கிடந்தது. இடது கையில் அவ்வளவு வலு இல்லை. அவன் விரல்கள் அவள் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முன்னே போயின.

"தோத்துடுடா," என்றாள் அவன் காதில். "என் ராசா இல்ல, இந்த ஒரு தடவை தோத்துடுடா."

கட்டுக்கு நடுவே அவன் உதடு லேசாக விரிந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். ஜெயித்து வந்து சோற்றுக்கு உட்காரும்போது சிரிக்கிற சிரிப்பு.

கட்டிலின் மறுபக்கம், ஆளில்லாத பக்கம், விரிப்பில் இரண்டு சின்னப் பள்ளங்கள் விழுந்தன. முழங்கைகளை ஊன்றி, யாரோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததுபோல.