மூடி வைத்தும் தூங்காத குரல்

விடிந்ததும் ஓடைமேட்டுத் தெருவில் எல்லாரும் மின்தூணுக்கு முன்னால்தான் நிற்போம். வீட்டுக்கு ஒரு மின்கலம், ஒரு நாளைக்கு ஒரே தடவை நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் மின்பங்கு. அதை வைத்து விளக்கெரிப்பதா, விசிறி போடுவதா, அரிசியை வேகவைப்பதா என்பது அவரவர் சாமர்த்தியம். வரிசையில் தினமும் சண்டை நடக்கும். பாதிச் சண்டை நான் ஆரம்பித்ததாக இருக்கும், பொய் சொல்வானேன்?

என் வீட்டில் அந்த யோசனைக்கெல்லாம் இடமில்லை. நிரப்பிய மின்கலம் நேராக லேப்டாப்புக்குப் போய்விடும். மிச்சம் இருந்தால்தான் விசிறி. ஏனென்றால் அந்த லேப்டாப்தான் என் வீட்டுக்காரர் சபரீசனுக்கு வாய்.

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பலகையையும் நம்ப மாட்டார்கள். மின்பலகையில் பவானி என்று பச்சையாக எரிந்தாலும் சரி, பஸ் நெற்றியிலேயே பவானி என்று ஓடினாலும் சரி, ஒருத்தரும் மூட்டையைத் தூக்க மாட்டார்கள். ஒலிபெருக்கியில் "பவானி போறவங்க, பாத்து ஏறிக்கங்க" என்று சபரி அண்ணன் குரல் வரவேண்டும். அப்புறம்தான் ஏறுவார்கள்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இன்குரல் என்று ஒரு கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, பஸ் ஸ்டாண்டின் பழைய பதிவுகளை வைத்து அவருடைய குரலை மறுபடி செய்து, ஒரு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார்கள். கழுத்தில் தொண்டைப்பட்டை என்று ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் வாயை அசைத்தால் பட்டை படித்துவிடும், லேப்டாப் பேசும். வீட்டுக்கு வந்த அன்றைக்கு "அம்மிணி, தண்ணி குடு" என்றார். நான் உட்கார்ந்து அழுதேனே தவிர, தண்ணீர் கொடுக்கவே இல்லை.

கம்பெனியின் பெரிய கணினியில் அந்தக் குரலை வைத்துக்கொள்ள முடியாது. குரல்களைத் திருடி ஏமாற்றும் கூத்து நாடு முழுக்க நடந்து முடிந்த பிறகு ஒரு சட்டம் போட்டார்கள்: ஒரு குரல், ஒரு கருவி. ஆகவே என் வீட்டுக்காரர் குரல் உலகத்திலேயே என் சமையல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே லேப்டாப்பில்தான் இருந்தது.

ஆரம்பத்தில் ஒரு நிரப்பு ராத்திரி வரை வந்தது. அவர் பேசி முடித்ததும் மூடியைச் சாத்திவிடுவோம், அது உறக்கநிலைக்குப் போய்விடும். இந்தக் கோடையில்தான் கெரகம் பிடித்தது. காலையில் முழுதாக நிரப்பி வைத்தால் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் செத்துப்போகிறது. மூடிதான் சாத்தியிருக்கிறது, ஆனால் உறைக்குள் கைவிட்டால் அடிப்பக்கம் கொதிக்கிறது.

"ஏனுங்க மாமா, இது மறுபடியும் சுடுது பாருங்க. தூங்கற மிசினுக்கு எதுக்கு இத்தன சூடு?"

"என்னைய மாதிரியே அதும் தூக்கத்துல உளறுதோ என்னமோ அம்மிணி" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

நான் விடவில்லை. மவுஸைக் கழற்றிப் போட்டேன், அது அசைந்து எழுப்புகிறதோ என்று. தானாக எழுப்பும் நேரக்குறிப்புகளையெல்லாம் தேடித் தேடி அணைத்தேன். புதுப்பிப்புகளை நிறுத்தினேன். மூடியின் காந்தம் தளர்ந்திருக்குமோ என்று ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினேன். இணைய இணைப்பைத் துண்டித்தால் குரல் பூட்டிக்கொள்கிறது. அடியோடு அணைத்து வைத்தாலோ, திரும்பப் போட்டுக் குரல் வந்து அமர்வதற்குள் ஒரு உலை கொதித்துவிடும். நடுவில் அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலித்தால் என்னை எப்படிக் கூப்பிடுவார்?

சாயங்காலம் வாசலில் நாலு பேரை வைத்துப் பேசினால்தான் அவருக்கு உயிர். அந்த நேரத்தில் குரல் இல்லை. நாற்காலியைப் போட்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நாலு பேரும் வருவதில்லை. குரல் இல்லாததால் வருவதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மின்தூண் வரிசையிலும் என்னிடம் யாரும் சண்டைக்குக்கூட வரவில்லை. பக்கத்து வீட்டுத் தேன்மொழி, கருவேப்பிலைக்குத் தினம் என் வீட்டு மரத்தை மொட்டையடிப்பவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். "நீங்கெல்லாம் பெரிய எடத்து ஆளுங்க்கா" என்று ஒரு நாள் சொன்னாள். எந்தப் பெரிய இடம்? ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுக்கிற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு மத்தியானம், இன்றைக்கு இதன் முடிவைப் பார்த்துவிடுவது என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கட்டிலில் நல்ல தூக்கம், வாய் மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில், மூடிய லேப்டாப்புக்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது. தொடை சுட்டது. அதே நேரம் தேன்மொழி வீட்டு ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரர் பேசினார்.

"நாளன்னைக்குக் காலைல பஸ் வருதுங்க. சாமானக் கட்டி வெச்சிருங்க. ஒண்ணும் பயமில்லீங்க, பாத்து ஏறிக்..."

நான் வெடுக்கென்று மூடியைத் திறந்தேன். அந்தப் பேச்சு பாதியில் நின்றது. "ஹலோ? அண்ணா? சபரி அண்ணா?" என்று தேன்மொழி கத்துவது கேட்டது. மூடினேன். விசிறி சுற்றியது, அங்கே மறுபடி அவர் பேசினார். திறந்தேன், நின்றது. கட்டிலைப் பார்த்தேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தோடு எழுந்தேன்.

லேப்டாப்பும் கையுமாகத் தேன்மொழி வீட்டுக்குள் போய்விட்டேன். அங்கே பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டிக் கிடந்தது.

"என்ன புள்ள இது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க்கா. இந்தத் தெருவுக்கு மின்பங்க நிறுத்தறாங்க, மேக்கால கெடக்கற பொட்டல்ல புதுக்குடியிருப்பு, எல்லாரும் போய்த்தான் ஆகோணும்னு அண்ணந்தான போன்ல ஊடு ஊடா கிளப்பி உட்டாரு? அவரு சொன்னாருன்னுதான் சம்மதம்னு சொன்னோம். இப்பப் பாத்தா உங்க ஊடு மட்டும் அந்தப் பட்டியல்ல இல்லியாம்."

எனக்குத் தலை சுற்றியது. மின்தூண் வரிசையில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் புரிந்தது. தேன்மொழியிடம் மூடியைத் திறந்தும் மூடியும் காட்டினேன். அவளுடைய போனில் குரல் வந்து வந்து அறுந்தது. அவள் அப்படியே சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் இன்குரல் சேவை மையத்துக்குப் போனேன். அக்ஷிதா என்று ஒரு பொறியாளர். லேப்டாப்பை ஒரு கம்பியில் மாட்டிப் பார்த்தாள், உடனே கழற்றிவிட்டாள்.

"இதுல பழுது ஒண்ணும் இல்லீங்கம்மா. அது வேலை பாத்துட்டு இருக்குது."

"யாரு வேலைய?"

"கருவி தூங்கற நேரம் கம்பெனியோடதுங்க. குரலை வேற எடத்துல ஓட்டச் சட்டத்துல எடம் இல்லாததால, தேவைப்படறப்ப உங்க லேப்டாப்பையே எழுப்பிப் பேச வெச்சுக்குவாங்க. இப்ப குடிபெயர்ப்பு வாரியம் வாடகைக்கு எடுத்திருக்குது. அதனாலதான் உங்க வீட்டை மட்டும் பட்டியல்ல சேக்கலை. இதுக்கெல்லாம் நீங்க ஒத்துக்கிட்டுத்தான குரல் வாங்கினீங்க?"

"தொண்டைல ஓட்டையோட கட்டில்ல கெடந்த மனுசன் பெருவிரலப் புடிச்சு அமுக்கினீங்களே, அதுக்குப் பேரு ஒத்துக்கறதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மெதுவாகச் சொன்னாள்: "அய்யா குரல்ல சொன்னா யாரும் எதிர்க்கேள்வி கேக்கறதில்லீங்கம்மா. வேற குரல்ல சொன்னா போனை வெச்சுடறாங்க. அதான் அவங்க உடமாட்டேங்கறாங்க. நீங்க தடுத்தீங்கன்னா குரலைப் பூட்டிருவாங்க. அதைவிட, உங்களுக்கு ரெட்டை மின்பங்குக்கு நானே எழுதித் தர்றேன். ராத்திரி வரைக்கும் பேசலாம், விசிறியும் போட்டுக்கலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. சாயங்காலம் வாசலில் நாற்காலி, அவர் பேச்சு, தலைக்கு மேல் காற்று. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் அவருக்குத் தெரியாமல் அவர் வாயை நான் எப்படி விலை பேசுவது? வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் பட்டையை எடுத்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏறிக்கங்கன்னா சொல்லுச்சு?"

"ஆமாங்க."

"எத்தன வருசம் கத்தியிருப்பேன் அம்மிணி. ஒருத்தரையாவது தப்பான வண்டில ஏத்தியிருப்பனா?"

நான் இரட்டை மின்பங்கு பற்றி மறுபடி வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை மின்கலத்தை நான் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் பஸ்கள் வந்துவிட்டன. தெருமுனை வரை வரிசையாக நின்றன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் நின்றார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தபடி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் கழுத்துப் பட்டையை அழுத்திவிட்டுக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். பேசிக்கொண்டே இருக்கும் வரை கருவி தூங்காது, தூங்காத வரை அதை எவனும் வாடகைக்கு எடுக்க முடியாது. இந்த ஒரு விஷயம்தான் எங்கள் கையில் இருந்தது.

"போன்ல உங்ககிட்டப் பேசினது நானில்லீங்க" என்று ஆரம்பித்தார். "நான் படுத்துத் தூங்கறப்ப என் குரலை எடுத்துப் பேசியிருக்காங்க. அந்தப் பொட்டல்ல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது. தெரியாத ஊருக்கு நான் யாரையும் ஏறச் சொல்ல மாட்டேன்."

ஒருத்தரும் அசையவில்லை. மூன்றாம் வீட்டு ஆள் ஒருவர், "அதும் இதே குரல், இதும் இதே குரல். நாங்க எதைங்க நம்பறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

தேன்மொழி முன்னால் வந்தாள். உண்மை தெரிந்தாலும், மின்பங்கு நின்றுவிடுமே என்று அவளும் சாக்கைத் தலையில் ஏற்றியிருந்தாள். "அண்ணா, எம் பையன் காலேஜுக்குப் போன மொத நாளு, அவனை எந்த பஸ்ல ஏத்தி உட்டீங்க?"

"எங்க ஏத்தி உட்டேன்? சேலம் வண்டி கெளம்பிப் போயிருச்சு. இந்தப் பையன் ஒத்தச் செருப்போட ஓடியாறான். டிரைவர் போனுக்கு அடிச்சு, வண்டிய கருங்கல்பாளையத்துல நிறுத்தச் சொல்லி, என் டூவீலர்ல கொண்டுபோய் உட்டுட்டு வந்தேன். அன்னைக்கு மேனேஜர்கிட்ட வாங்கின திட்டு இருக்குதே..."

தேன்மொழி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். பிறகு தலையில் இருந்த சாக்கைத் தொப்பென்று இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

குரலைப் பூட்டப்போவதாகத் திரையில் சிவப்பில் எச்சரிக்கை வந்தது. நான் அவரிடம் காட்டினேன். அவர் பார்த்தார், நிறுத்தவில்லை. பேச்சு இன்னும் வேகமெடுத்தது.

"நாளைக்கு இந்தக் குரல்ல யாரு கூப்பிட்டாலும் நம்பாதீங்க. நானே கூப்பிட்டாலும் நம்பாதீங்க. மின்பங்கை நிறுத்தினா வாரியத்து வாசல்ல போய் உக்காருவோம், நானும் வர்றேன். இன்னைக்கு எந்த வண்டிலயும் யாரும்..."

அவ்வளவுதான். குரல் பூட்டிக்கொண்டது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த உதட்டையே எல்லாரும் பார்த்தார்கள். பிறகு மூன்றாம் வீட்டு ஆள் தன் கட்டிலைத் திருப்பி உள்ளே இழுத்தார். ஒவ்வொரு வீடாக மூட்டைகள் உள்ளே போயின. பஸ்கள் வெயில் ஏறும் வரை நின்றுவிட்டுக் காலியாகத் திரும்பின. திரும்பவும் வரும் என்று எங்களுக்குத் தெரியும். வரட்டும்.

மத்தியானம் கம்பெனியிலிருந்து என் போனுக்கு ஓர் அதிகாரி பேசினார். நான் ஒலிபெருக்கியில் போட்டேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதைப் பெரிசு பண்ண வேண்டாம். இன்று காலை தெருவில் கேட்டது கருவிக் கோளாறு, தான் சொன்னது இல்லை என்று உங்கள் கணவர் ஒரு வார்த்தை சம்மதித்தால் போதும். தலையாட்டினால்கூடப் போதும், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். குரலை உடனே திறந்துவிடுகிறோம்."

சம்மதிச்சுத் தொலைங்களேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இனி இந்த வீட்டில் யார் என்னை அம்மிணி என்று கூப்பிடப் போகிறார்கள்? அந்த நினைப்பிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பிறகு கழுத்திலிருந்த பட்டையை நிதானமாக உரித்து, லேப்டாப்பின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து என் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா? லைனில் இருக்கிறீர்களா? பதில் ஒன்றும் வரவில்லையே. அவரால் பேச முடியவில்லை என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். போனை வாய்க்குப் பக்கத்தில் எடுத்தேன்.

"தம்பி, முடியாதுன்னு எழுதாதீங்க. அவரு பேச மாட்டேங்கறாரு. அப்படியே எழுதிக்கங்க."