பிளக்கைக் கழற்றிய பிறகு

திருப்பதியில் ஹரிபாபுவின் வீட்டுக்குப் பிளெஸ்ஸி போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். கோபத்தோடு காலிங்பெல்லை அழுத்தினாள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்பு அவள் அண்ணன் ஆசிர் இதே வீட்டுக்கு ஒரு பழைய வால்வு கலர் டிவியைப் பழுது பார்க்க வந்தான். பிணமாகத்தான் சித்தூர் திரும்பினான். 'டிவியைத் தொடவே இல்லை, மாரடைப்பு' என்றார் ஹரிபாபு. எல்லாரும் நம்பினார்கள். சவப்பெட்டியில் கிடந்த அண்ணனின் விரல் நுனிகள் கருகியிருந்ததைப் பிளெஸ்ஸி மட்டும் பார்த்தாள். அவனோடு சேர்ந்து அதே தொழில் செய்தவள். அது எதன் தீக்காயம் என்று அவளுக்கா தெரியாது?

தங்கை என்று சொல்லவில்லை. மெக்கானிக் என்று மட்டும் சொல்லி வந்திருந்தாள்.

ஹரிபாபு பழம்பொருள் சேர்ப்பவர். ஜன்னல் சாத்திய உள்ளறையில், சுவரையொட்டி மரப்பெட்டி போல நின்றது அந்த டிவி.

"கொஞ்ச நேரம் நல்லா வர்தும்மா. அப்பறம் படம் ஊதிப் பெருசாயி மங்கிப் பூடுது," என்றார்.

"ஹை வோல்டேஜ் நிக்கல. முன்னாடி யாராச்சும் பாத்தாங்களா?"

"எவனும் தொடல."

பிளெஸ்ஸி பல்லைக் கடித்துக்கொண்டாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, பிளக்கைத் தானே பிடுங்கி, பெட்டி மேல் எடுத்து வைத்தாள். பின்மூடியைக் கழற்றினாள். தூசி, உருகிய மெழுகு, கருகிய ரப்பர். அதற்கும் அடியில், இடி விழுந்த இடத்தின் வாடை.

அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் கரண்ட் தேங்கி நிற்கும். அதை வெளியேற்ற, ஸ்க்ரூடிரைவரில் வயரைக் கட்டி, மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தாள்.

பட்!

நீலப்பொறி. அது வழக்கம்தான். இன்னொரு முறை வைத்தால் சின்னதாக ஒன்று வரும், அதுவும் வழக்கம்தான்.

இரண்டாவது பொறி முதலாவதைவிடப் பெரியதாக வந்தது.

மூன்றாவதில் அறையே நீலமானது.

பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஸ்பீக்கர் இரைந்தது.

"பிளக்க கழட்டிட்டீங்களா சார்?"

ஆசிரின் குரல்.

அடுத்து ஹரிபாபுவின் குரல், அதே ஸ்பீக்கரிலிருந்து. "ஆ, கழட்டிட்டேன்ப்பா. கைய வை."

ஹரிபாபு சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ஆஃப் பண்ணும்மா!"

"எத்த ஆஃப் பண்றது?" பிளக்கை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இதோ கீது பாரு! எங்கண்ணன் கேட்டான் இல்ல? கழட்டுனியா?"

"நீ... அவன் தங்கச்சியா?"

"கழட்டுனியாய்யா?"

"பிளக்க கழட்டிட்டீங்களா சார்?" என்றது ஸ்பீக்கர், இன்னும் அருகில்.

"இல்ல! பெட்டி பின்னாடி குனியணுமேன்னு உட்டுட்டேன்," என்று அலறினார். "வேல முடிஞ்சிச்சின்னு நெனச்சி நாந்தான் சுவிட்ச போட்டேன். அவன் கைய எடுக்கல..."

குனியச் சோம்பல். அவ்வளவுதானா? அதற்கா அவன் செத்தான்? பிளெஸ்ஸிக்குக் கண் இருட்டியது. ஸ்க்ரூடிரைவரை இறுகப் பிடித்த கை மேலே போனது. எப்படியோ அதைக் கீழே எறிந்தாள்.

"செத்தவன் நெஞ்சு மேல பழிய போட்டு நிம்மதியா துன்னுக்கினு இருந்தியே! நட. ஸ்டேஷன்ல வந்து இதயே சொல்லு."

அவர் தயங்கினார்.

"பிளக்க..." என்று மறுபடி ஆரம்பித்தது ஸ்பீக்கர்.

"வஸ்தானு! வரேம்மா, வரேன்!" என்று ஹரிபாபு செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். வால்வுகள் அணைந்தன.

அன்றே ஸ்டேஷனில் அவர் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னார்.

சாயங்காலம் சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பிளெஸ்ஸிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சொன்னதால் அண்ணன் எழுந்து வந்துவிடப் போகிறானா? முன்சீட்டுக் கம்பியில் ஓங்கிக் குத்தினாள்.

இடது முழங்கையில் ஏதோ ஊர்ந்தது போலிருந்தது. திரும்பினாள்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கையின் ரோமங்கள் அத்தனையும், ஓடும் டிவித் திரைக்கு அருகில் கொண்டுபோனது போல எழுந்து, அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்து நின்றன.