பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்

காலை ஒன்பது மணிக்குள் ரொசாரியோவின் பெயரில் நாற்பத்தோராவது இனம் பதிவாகிவிட்டது. ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து இனங்காணியில் விட்டார், காப்பி குடித்தார், வேலை முடிந்தது. இப்போதெல்லாம் ஆராய்ச்சி என்றால் அவ்வளவுதான்.

இனங்காணி என்ற அந்தப் பெட்டி, கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் பாசியின் கண்ணாடி ஓட்டைப் படமெடுக்கும், அதன் கோடுகளை எண்ணும். உலகப் பதிவேட்டில் அதேபோல் வேறொன்று இல்லையென்றால் புது இனம் என்று விவரக்குறிப்பு எழுதி அந்த நிமிடமே வெளியிட்டும்விடும். இனப்பெயருக்குப் பின்னால் விவரித்தவர் பெயர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். செண்பகவல்லிக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒட்டுத்தான்.

மேல்மலை ஆய்வு நிலையத்தில் ரொசாரியோவுக்கு அடுத்த மேசை அவளுடையது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவள் பெயரில் இருந்தது ஒரே ஒரு இனம், நவிகுலா நொச்சியென்சிஸ் செண்பகவல்லி. பொறாமையா என்று கேட்டால் "சேச்சே" என்பாள். பொறாமையேதான். வயிறு பற்றி எரிந்தது.

"மேடம், நாப்பத்தொண்ணு. லட்டு எடுத்துக்குங்க," என்றார் ரொசாரியோ.

"வாழ்த்துகள் சார். எனக்கு சுகர்."

அவளுக்கு சுகர் கிடையாது.

அவர் சாப்பிடப் போனதும் அந்தப் புது இனத்தின் படத்தை நோண்டிப் பார்த்தாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டயாட்டத்தின் ஓடு மூடி போட்ட டப்பா மாதிரி. அது இரண்டாகப் பிரியும்போது ஒரு பிள்ளைக்கு மூடி, இன்னொன்றுக்கு டப்பா. இரண்டும் மறுபாதியை உள்ளே பொருந்துகிற அளவில்தான் செய்துகொள்ளும். ஆகவே ஒரு வரிசை தலைமுறைக்குத் தலைமுறை குறுகிக்கொண்டே போகும், உருவமும் மாறும், ஒரு கட்டத்தில் மறுபடி பெரிதாகும். பெட்டிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரொசாரியோவின் நாற்பத்தொன்று, ஊரெல்லாம் கிடக்கிற சாதாரண டயாட்டத்தின் குட்டைப் பிள்ளை.

நல்ல மனுஷியாக இருந்தால் அவரிடமே சொல்லியிருப்பாள். இவள் வாயே திறக்கவில்லை. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், அந்தச் சாதாரண டயாட்டத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். ஒவ்வொரு தலைமுறையாகப் படமெடுத்தாள். அது குறுகிக் குறுகி நாற்பத்தொன்றாகவே ஆனது. அந்த ஒரு பெயரை நீக்கச் சொல்லி, படங்களோடு இனங்காணியிடம் ஆட்சேபம் போட்டாள்.

"சான்று ஏற்கப்பட்டது," என்றது பெட்டி. "குட்டை உருவம் தனி இனமல்ல என்ற இந்த விதி பதிவேடு முழுவதற்கும் பொருத்தப்படுகிறது."

"இரு. நான் ஒண்ணுதானே கேட்டேன்," என்றாள். பெட்டி இருக்கவில்லை.

நான்கே நிமிடத்தில் உலகம் முழுக்கப் பதினோராயிரம் இனங்களின் பெயர்களில் கோடு விழுந்தது. நாற்பத்தொன்று ஒழிந்ததைப் பார்த்தபோது செண்பகவல்லிக்கு அப்படி ஒரு நிம்மதி. அடுத்த மேசையில் ரொசாரியோ பட்டியலைத் தள்ளிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார்.

"மேடம், உங்க நொச்சியென்சிஸ்."

"என்ன அதுக்கு?"

"என்னோட பன்னிரண்டாவதோட குட்டை உருவமாம். என்னுது ரெண்டு நாள் முன்னாடி வெளியானதால என் பேருதான் நிக்குமாம்." அவர் குரல் இறங்கியது. "எனக்கே கஷ்டமா இருக்கு மேடம். உங்களுக்கு இருந்ததே அது ஒண்ணு."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நீக்கிய ஒவ்வொரு பெயருக்கும் நேரே, எதனால் நீக்கம் என்று எழுதி, அந்த இனத்தை விவரித்தவருக்கு அனுப்புவது பெட்டியின் வழக்கம். பதினோராயிரம் வரியிலும் அது ஒன்றையே எழுதியிருந்தது: 'நீக்கம், செண்பகவல்லி முறைப்படி.' மத்தியானத்துக்குள் ஜப்பானிலிருந்தும் பெருவிலிருந்தும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒன்றிலும் நல்ல வார்த்தை இல்லை.

அவள் தன் வரியை மட்டும் திரையில் பெரிதாக்கினாள். அதில் அவள் பெயர் இரண்டு முறை இருந்தது. முதலில் இருந்ததன்மேல் கோடு விழுந்திருந்தது.