நீலப்பிடி பிரஷ்

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிறுமி குருவி தன் அப்பாவின் பெயரைத் துலக்கப் போவாள்.

அந்தப் பெயர், கப்பல் கட்டும் தளத்தின் வாசல் சுவரில் ஒரு தகட்டில் இருந்தது. அப்பா அங்கே வெல்டர். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவர் கடைசியாக வேலை பார்த்த கப்பலின் குடிநீர்த் தொட்டிக்கு வெட்டியதுபோக மிஞ்சிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டில், அப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர் மாமா பெயரைப் பொறித்து மாட்டியிருந்தார்.

"உப்புக்காத்து பட்டாலும் இது துருப்பிடிக்காது கண்ணு" என்று அன்று சொன்னார்.

இந்த ஞாயிறு பார்த்தால், பெயர் முழுக்கப் பழுப்புத் திட்டு. குருவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வாசலில் நின்ற ஃபிட்டர் மாமாவிடம் பாய்ந்தாள்.

"மட்டமான இரும்பைப் போட்டு ஏமாத்திட்டீங்க மாமா."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "நானே பார்த்து எடுத்த தகடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து, கையிலிருந்த கம்பிப் பிரஷை அப்பாவின் கருவிப் பெட்டியில் வீசினாள். அது இன்னொரு பிரஷின் பக்கத்தில் விழுந்தது. இதன் பிடி சிவப்பு. அதன் பிடி நீலம்.

ஒருமுறை நீலத்தை எடுத்து சைக்கிள் செயினைத் தேய்த்தபோது, திட்டத் தெரியாத அப்பாவே வெடுக்கென்று பிடுங்கியது நினைவுக்கு வந்தது. "இது ஸ்டெயின்லெஸுக்கு மட்டும்டி. இரும்புக்குச் சிவப்பு. ஸ்டெயின்லெஸை இரும்புப் பிரஷால தேச்சா இரும்புத்தூள் ஒட்டிக்கும். அப்புறம் அந்தத் தூள் துருப்பிடிக்கும்."

அவளோ, அப்பா அதிகம் பிடித்துத் தேய்ந்த பிடி என்று ஒவ்வொரு வாரமும் சிவப்பையே எடுத்துப் போயிருந்தாள்.

"அம்மா, அந்தத் தகட்டைப் பாழாக்கினது நான்தான்மா."

அம்மா விவரம் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சேர்ந்து அழுதாள். கத்தியில் படியும் துருவுக்கு அம்மா எலுமிச்சம்பழம் தேய்ப்பது குருவிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பழமும் துணியுமாக நேரே மாமாவிடம் போனாள். "தகடு நல்ல தகடுதான் மாமா. நான்தான் சிவப்புப் பிரஷால தேச்சேன். உங்களைப் பேசினது தப்பு."

"காலையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல" என்றார் மாமா. "நீ எதால தேய்க்கிறேன்னு நான் பாக்காம விட்டதுக்கு, உங்கப்பன் இருந்திருந்தா அந்தப் பிரஷால என் முதுகைத் தேச்சிருப்பான்."

அப்பா போனபிறகு குருவி முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்ததும் மறுபடி அழுகை வந்தது. மாமாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இருவரும் தகட்டின்முன் நின்று எலுமிச்சம்பழத்தால் மாறி மாறித் தேய்க்க, பழுப்பு போய் எழுத்து எழுத்தாக அப்பாவின் பெயர் பளிச்சிட்டது.

இனி சிவப்புப் பிரஷுக்கு வேலை இல்லை. ஆனாலும் அன்று குருவி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிடியில் அப்பாவின் விரல்கள் பதிந்த பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

பள்ளங்கள் அவளுக்கு இன்னும் பெரிதாகத்தான் இருந்தன.